மூன்றாவது பாட்டில் விழுந்த சத்தம்

எங்கள் வீட்டு மாடிப்படியின் உச்சியில் ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது எரிந்தால் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்ம வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் இதையெல்லாம் சொன்னபோது, இந்தக் குடும்பத்துக்கே மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டு அவர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். பல்போடு குடித்தனம் நடத்துவது என் தலையில் விழுந்தது.

கீழ்த்தளத்தில் என் மாமியார் இசைத்தட்டு வெட்டுகிறார். கடையில் வாங்கும் தட்டெல்லாம் அச்சில் வைத்து அமுக்கி எடுத்த நகல்கள். அந்த அச்சுக்கு மூலமாக ஒரே ஒரு தட்டு வேண்டும் அல்லவா, அதைச் செய்வதுதான் அத்தையின் தொழில். அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரியான பூச்சு பூசிய கறுப்புத் தட்டு மெஷினில் சுற்றும். சூடேறிய ஊசி ஒன்று பாட்டுக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டே, விளிம்பிலிருந்து உள்நோக்கி, தலைமயிர் அளவுக்கு ஒரே ஒரு தடத்தைச் சுருள் சுருளாக வெட்டிக்கொண்டு போகும். வெட்டின இடத்திலிருந்து கறுப்பு இழை ஒன்று சுருண்டு எழும். அதை ஒரு குழாய் உறிஞ்சிவிட வேண்டும். தப்பினால் ஊசியில் சுற்றிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். பட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் அந்த இழையைத் தண்ணீர் ஜாடியில்தான் சேர்ப்போம். குழாயைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என் வேலை.

ஊசிக்குப் பாட்டு எது, மாடியில் யாரோ நடப்பது எது என்று பேதம் தெரியாது. எது ஆட்டினாலும் ஆடும், ஆடினால் வெட்டும். வெட்டிவிட்டால் அழிக்கவோ ஒட்டுப் போடவோ முடியாது. தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். புதுத் தட்டு மட்டும் என்ன, கூப்பிட்ட குரலுக்கா வருகிறது? உலகத்திலேயே அதைச் செய்கிற இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மெஷின் என் மாமனாரைவிட வயதில் மூத்தது. கல் பலகைமேல் கல் மாதிரியே உட்கார்ந்திருக்கும். அதைத் துடைத்துக்கொண்டே அத்தை பழைய கதைக்குள் போய்விடுவார்.

"மின்சார மைக் வராத காலத்துல பாடுறவங்க ஒரு பெரிய புனலுக்குள்ள முகத்தை வச்சுக் கத்துவாங்க. அந்தச் சத்தத்தோட பலத்துலதான் ஊசி ஆடும். அப்ப லாக்கர் ஏது? மெழுகுத் தட்டு. வெட்டுறதுக்கு முன்னாடி இதமா சூடு பண்ணி எடுப்பாங்க. மோட்டார் ஒரே சீரா சுத்தாதுன்னு, பெரிய இரும்புக் குண்டைக் கட்டித் தொங்க விடுவாங்க. அது மெதுவா இறங்க இறங்கத் தட்டு சுத்தும். குண்டு தரையைத் தொடுறதுக்குள்ள பாட்டு முடிஞ்சாகணும்."

"மாமா அந்தக் காலத்துல பாடியிருந்தா புனலே வேண்டியிருக்காது" என்றேன் ஒருநாள்.

"அந்த மனுஷன் பாடியிருந்தா மெழுகே தெறிச்சு ஓடியிருக்கும்" என்றார் அத்தை.

மாமா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசல் அடைத்து நிற்கிற உடம்பு. இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி ஊரைக் கூட்டுகிற குரல். ஆனால் நடந்தால் தரைக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அந்த பல்புக்குக் கீழே வாழ்ந்து வாழ்ந்து பாதத்தின் ஓரத்தால் தரையைத் தொட்டு நடக்கப் பழகிவிட்டார். தெருவில் அவருக்குப் பெயரே 'பூனை'. அவரோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள், இவருக்கு அதில் ஏகப் பெருமை. "என் காலடி இதுவரைக்கும் ஒரு தட்டுல விழுந்ததில்ல. அவளைக் கேட்டுப் பாரு" என்பார். அத்தையும் மறுத்ததில்லை.

பிரச்சினை போன வருஷம் ஆரம்பித்தது. மாமாவுக்கு ஒருநாள் காலை பேச்சுக் குழறி, வாய் ஒரு பக்கமாக இழுத்து, மதியத்துக்குள் தானாகவே சரியாகிவிட்டது. டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இது எச்சரிக்கை. மறுபடி வரலாம். கை மரத்துப் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, அந்த நொடியே ஆளைக் கூப்பிடணும். உடனே வந்தா மருந்து இருக்கு. லேட்டா வந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, பல்பு எரியும்போது வந்தால் என்ன செய்வது என்பதுதான். வெட்டு நடக்கும்போது வீட்டில் போன்கூட உயிரோடு இருக்கக் கூடாது. அதன் இரைச்சல் தட்டில் ஏறும். கீழே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். மாடியில் யார் கத்தினாலும் எங்கள் காதில் விழாது. மாமாவின் கட்டிலைக் கீழே கொண்டுவரலாம் என்றால் இருக்கிற பின்னறையில் ஆம்ப்ளிஃபயர்கள் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மணி வைத்தேன். நீளமான வயர், அதன் நுனியில் கைக்குள் அடங்கும் ஒரு ஸ்விட்ச், மாமாவின் தலைமாட்டில். மணி கீழே, வெட்டும் அறையின் சுவரில்.

ஒரு உபயோகமில்லாத தட்டில் சோதித்துப் பார்த்தோம். மாமா மேலே அழுத்தினார். மணி அடித்தது, தட்டில் பளிச்சென்று ஒரு வடு விழுந்தது. எலெக்ட்ரீஷியன் மணியைக் கழற்றிவிட்டு விளக்கு வைத்துப் பார்த்தான். விளக்கு எரிந்த நொடியிலும் தட்டில் 'டிக்' என்று ஏறியது. வயரை மாற்றினான், லைனை மாற்றினான், கடைசியில் தலையைச் சொறிந்தான். அத்தை மைக்ரோஸ்கோப்பை விட்டு நிமிர்ந்து, "சரி, மணியே இருக்கட்டும். வடு விழுந்தா விழட்டும். இன்னொரு தட்டு வெட்டிக்கலாம். உடம்புக்கு ஏதாவதுன்னா நீங்க யோசிக்காம அடிங்க, கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன், கேட்டேன்" என்றார் மாமா.

அத்தை மனதாரத்தான் சொன்னார். சத்தியம் பண்ணுவேன். ஆனால் அந்த வடுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது அத்தையின் முகம் போன போக்கை மாமா இறங்கி வந்து படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் சொன்னதை விட்டுவிட்டு அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டார். இதை நான் அப்போதே கவனித்திருந்தால் மணியோடு சேர்த்து அவருக்கும் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன்.

பிறகு ஒரு பாடகியின் தட்டு வேலை வந்தது. சன்னமான குரல், கூடவே ஒரே ஒரு தந்தி வாத்தியம். மூச்சு விடும் இடமெல்லாம் கேட்கும். இப்படிப்பட்ட வேலைக்கு அத்தை உயிரை விடுவார். கூட்டமாக வாசிக்கிற தட்டில் சின்னச் சின்னத் தவறுகள் ஒளிந்துகொள்ளும், இதில் ஒளிய இடமில்லை. காலையிலேயே மாமாவுக்குச் சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டு இறங்கினேன். முதல் பக்கம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் பக்கத்துக்கு ஊசியின் சூட்டை மாற்றி, ஓரத்தில் சோதனை வெட்டு, மறுபடி சோதனை என்று நேரம் போனதே தெரியவில்லை. மாடிக்கு நான் போகவில்லை. கடைசியில் அத்தை புதுத் தட்டை வைத்து பல்பைப் போட்டார்.

ஐந்து பாட்டும் ஓடி முடிந்தன. ஊசியைத் தூக்கி, தட்டைப் பார்த்து முடிக்கும்வரை பல்பை எரியவிட்டு, அத்தை கையை உதறிக்கொண்டார். முகத்தில் ஒரு திருப்தி. மூலத்தட்டை ஓட்டிக் கேட்கக் கூடாது. ஒரு தடவை முள் ஓடினாலும் அந்த மெத்தென்ற தடம் தேய்ந்துவிடும். கண்ணால்தான் பார்க்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பை விளிம்பிலிருந்து மெல்ல உள்ளே நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"மூணாவது பாட்டு. ஏதோ விழுந்திருக்கு. தடம் ஆழமா இறங்கி, பக்கத்துத் தடத்தைப் போய் உரசிட்டு வந்திருக்கு." குரல் ஏறியது. "இந்த மனுஷன் மேல நாற்காலியைத் தள்ளிட்டாரா? நல்ல தட்டு போச்சு! நீயே பாரு."

பார்த்தேன். ஒரே சீராக ஓடும் கோடுகளுக்கு நடுவே, அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு தடித்து, வளைந்து, மறுபடி ஒழுங்காகி ஓடியது. மாமாவைக் கிண்டல் பண்ண ஒரு நல்ல வாய்ப்பு என்று வாயெடுத்தேன். நிமிர்ந்தால் அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவர் எதையும் தள்ள மாட்டாரே" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து ஓடினார். மூட்டு வலி என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறவர், அன்று நான் பின்னால் வருவதற்குள் மேலே போய்விட்டார்.

மாமா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் கிடந்தார். விழும்போது வயரைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஸ்விட்ச் அவருடைய வலது கைக்குள் இருந்தது. கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது. கண் திறந்திருந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாக, இன்னும் எரிந்துகொண்டிருந்த பல்பு நேராகத் தெரியும்.

அத்தையைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கமாகக் கோணி, ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. "முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு, சொன்னால் என்ன, அப்படி ஒரு கோபம் வந்தது. மணி கையில் இருக்கிறது, விரல் அதன் மேல் இருக்கிறது, அழுத்தினால் நாங்கள் ஓடி வருவோம். மூன்றாவது பாட்டின் மிச்சம், நான்காவது, ஐந்தாவது. அத்தனையும் தரை வழியாகக் கேட்டுக்கொண்டு, பாதி உடம்பு செத்துப்போய்க் கிடந்திருக்கிறார் பூனை.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, "எப்ப வந்துச்சு? சரியாச் சொல்லுங்க. கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்பதுதான். நாங்கள் அவரை நல்லபடியாகப் பார்த்தது காலையில். அதைச் சொன்னதும் டாக்டரின் முகம் இறுகியது. அப்போது அத்தை என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"காலையில இல்ல டாக்டர். மூணாவது பாட்டுல, ரெண்டாவது தடவை பல்லவி வர்ற இடத்துல."

டாக்டர் என்னைப் பார்த்தார். கிழவிக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் தட்டு, தடம், விழுந்த சத்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அதற்குள் அத்தை, இரண்டாம் பக்கத்தை வெட்ட ஆரம்பித்த நேரத்தோடு பாட்டுகளின் நீளத்தைக் கூட்டி, விழுந்த நேரத்தை நிமிஷக் கணக்கில் சொன்னார். "அப்ப தாராளமா நேரம் இருக்கு" என்று டாக்டர் திரும்பி ஓடினார். அடைப்பைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்றினார்கள்.

மாமா பிழைத்தார். பேச்சு கொஞ்சம் குழைவாகத் திரும்பியது. இடது காலை இழுத்து நடந்தார். இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தத் தட்டுதான் அவரைக் காப்பாற்றியது என்று மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டு காப்பாற்றியதாம்! தட்டு இல்லாதிருந்தால் அவர் விழுந்த அந்த நொடியே மணி அடித்திருப்பார்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே நாற்காலி போட்டு ஏறி, அந்த பல்பைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அத்தை அதைக் குப்பையிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, என்னிடமே நீட்டினார்.

"மாட்டு."

"அத்தை, இன்னுமா உங்களுக்கு—"

"பல்பு இல்லன்னா அவருக்குத் தெரியாதா? உறிஞ்சு குழாய் ஓடுற சத்தம் போதும், மூச்சைக் கூட அடக்கிப்பார். பல்பு எரியும்போது அடிக்கிறதுக்கு அவர் பழகணும். அதுக்கு பல்பு வேணும்."

பழக்கம் ஆரம்பித்தது. பல்பைப் போட்டுவிட்டு அத்தை கீழே சும்மா உட்கார்ந்திருப்பார். மாமா உடனே அழுத்துவார், மணி அடிக்கும், அத்தை படி ஏறி வந்து தலை காட்டிவிட்டுப் போவார். மாமாவுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. தண்ணீருக்கு ஒரு மணி, கொசுவுக்கு ஒரு மணி. உறிஞ்சு குழாயை ஓடவிட்டு, பழைய தட்டில் ஊசியை இறக்கியும் பார்த்தோம். அதற்கும் உடனே அடித்தார்.

"நல்லா அடிக்கிறாரே, அப்புறம் என்ன?" என்றேன்.

"அது பழைய தட்டுன்னு அவருக்குத் தெரியும்" என்றார் அத்தை. "நாம புதுத் தட்டு எடுத்தா பெட்டியை உடைக்கிற சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுடுவார். நீ ஏமாத்த முடியாது."

பெட்டியில் இரண்டு புதுத் தட்டுகள் இருந்தன. அடுத்த பெட்டி எப்போது வருமோ தெரியாது. பாடகியின் இரண்டாம் பக்கத்தை மறுபடி வெட்டியாக வேண்டும். அத்தை மாடிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"இதோ பாருங்க. இப்ப அந்தப் பொண்ணோட ரெண்டாவது பக்கம் வெட்டப் போறேன். நல்ல தட்டு. முடியறதுக்குள்ள நீங்க மணி அடிக்கணும். எப்ப வேணா அடிங்க. ஆனா அடிக்கணும்."

மாமா அவரை முறைத்தார். "உனக்கென்ன... பைத்தியமா? ரெண்டுதான... இருக்கு."

"எண்ணத் தெரியும் எனக்கு."

"வேணும்னே... கெடுக்கவா?"

"ஆமா, வேணும்னேதான்."

குழாயைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, என்னை மாமாவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அத்தை இறங்கிப் போனார். பெட்டி உடைகிற சத்தம் கேட்டது. குழாய் இரையத் தொடங்கியது. பல்பு எரிந்தது.

மாமா ஸ்விட்சை வலது கையில் பிடித்துக்கொண்டார். முதல் பாட்டு தரை வழியாக வந்தது. சொற்கள் இல்லை, ராகம் மட்டும் மெல்லியதாக. அவர் அசையவில்லை. நான் விரலைக் காட்டினேன், கண்ணை உருட்டினேன். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது பாட்டு போயிற்று. மூன்றாவது பாட்டில் பல்லவி வந்தது, இரண்டாவது தடவையும் வந்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கட்டைவிரல் ஸ்விட்ச் மேலேயே இருந்தது, இறங்கவில்லை. நான்காவது பாட்டும் போயிற்று. பேசாமல் நானே பிடுங்கி அழுத்திவிடலாமா என்று இருந்தது. அழுத்தினால் பிரயோஜனமில்லை, அடுத்த தடவை நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் அடிக்கப் போவதில்லை, ஒருநாள் இப்படியே பல்பைப் பார்த்துக்கொண்டே நம் கையை விட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது.

ஐந்தாவது பாட்டு பாதியைத் தாண்டியபோது மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

கீழே மணி அலறியது. அடுத்த நொடி படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பல்பு எரியும்போது அந்தப் படியில் யாரும் ஓடி நான் கேட்டதே இல்லை. அத்தை வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. சேலையில் கறுப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா இன்னும் கையை எடுக்கவில்லை, மணியும் நிற்கவில்லை.

"வந்துட்டேன், விடுங்க" என்று அத்தை அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மணி நின்றது.

"தட்டு?" என்றார் மாமா.

"போச்சு."

"எவ்வளவு... மிச்சம் இருந்துச்சு?"

"அரைப் பாட்டு."

"ஐயோ" என்றார் மாமா. விழுந்து கிடந்தபோதுகூட அழாத மனிதர், குழந்தை மாதிரி அழுதார். அத்தையும் அழுதார். நான் மட்டும் என்ன, கல்லா?

அத்தை முந்தானையால் முதலில் அவர் முகத்தையும் பிறகு தன் முகத்தையும் துடைத்தார். ஸ்விட்சை எடுத்து மறுபடி அவர் கையிலேயே வைத்து, விரல்களை மூடினார்.

"ரொம்ப லேட்டு" என்றார். "இன்னும் ஒரு தட்டு இருக்கு. நாளைக்கு முதல் பாட்டுலயே அடிக்கணும்."